நெத்திலி வலை சுற்றிய ஒயர்

முதலில் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது. மின்விசிறி நின்றது, டி.வி. அணைந்தது, ரப்பர் கருகும் வாடை வந்தது. அதற்குப் பிறகுதான் லாஃப்டிலிருந்து பூனை கீழே விழுந்தது. அது குதிக்கவில்லை, விழுந்தது. ஒரு பூனை அப்படி விழுந்து நான் பார்த்ததே இல்லை. அரிசி மூட்டையின் மேல் பக்கவாட்டில் விழுந்து, நான்கு கால்களும் விறைத்து, வாயைத் திறந்தபடி கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தது. போகிற திசை தெரியாமல் சுவரில் ஒரு முட்டு முட்டி, வாசல் வழியாக ஓடிவிட்டது.

ஏணை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அக்காவின் மகன் இனியவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்றாவது மாதம்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு எங்களுடையது. ஒரே கூடம், அதில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். பிரசவத்துக்கு வந்த அக்கா தேவயானிக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். குனிந்து நிமிர்ந்து ஏணையை ஆட்ட அவளால் முடியவில்லை. அதனால் அவள் புருஷன் பிரேம்குமார் மாமா திண்டிவனத்திலிருந்து ஏணை ஆட்டுகிற மெஷின் ஒன்று வாங்கி வந்தார். கூரைக் கொக்கியில் மெஷின், அதன் கீழே இரும்பு ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் புடவை ஏணை. சுவிட்சைப் போட்டால் ஏணை தானாக மேலும் கீழும் ஆடும். மெஷினிலிருந்து ஒயர் லாஃப்ட் ஓரமாக வந்து, சுவரோடு இறங்கி, ஜங்ஷன் பாக்ஸில் சேரும்.

மாமா ஸ்டூலில் ஏறி ஒயரைத் தடவிப் பார்த்தார். லாஃப்டின் ஓரத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு மேல்தோல் இல்லை. உள்ளே செம்புக் கம்பி பளபளத்தது.

"அத்தை, இங்க வந்து பாருங்க. நல்லா மென்னு தின்னு வெச்சிருக்குது."

"பூனைக்கு ஒயரு இன்னாத்துக்கு ருசிக்குது?" என்று அம்மா கேட்டாள்.

மாமா ஒயரின் அந்த இடத்தையும் அதற்கு ஒரு சாண் தள்ளித் தொங்கும் ஸ்பிரிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கொஞ்சம் சாய்ஞ்சி அந்த ஸ்பிரிங்குல பட்டிருந்துச்சின்னா?" என்றார். "ஸ்பிரிங்கு இரும்பு. புடவை ஈரமா இருந்தா இன்னா ஆவும்?"

அக்கா எழுந்துபோய் ஏணைக்குள் கைவிட்டுக் குழந்தையை எடுத்தாள். புடவையின் அடிப்பகுதியைப் பிடித்துப் பிழிந்தாள். தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மூளியை இன்னைக்கே சாக்குல கட்டி எங்கியாச்சும் வுட்டுட்டு வரணும்" என்றாள் அம்மா. வால் பாதிக்கு மேல் இல்லாததால் அந்தப் பூனைக்கு மூளி என்று பெயர். வளர்த்த பூனை என்று சொல்ல முடியாது. அம்மா மீன் கழுவுகிற இடத்தில் வந்து நிற்கும். குடலையும் தலையையும் நான் போடுவேன்.

"பூனையைத் தள்ளுங்க அத்தை. இது இல்லைன்னா இன்னொண்ணு வரும்" என்றார் மாமா. அவர் திண்டிவனத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியில் வந்துபோவார். "அடுத்த ஞாயித்துக்கிழமை கடையிலேர்ந்து பைப்பு கொண்டாறேன். ஒயரை உள்ள வுட்டு, சுவத்தோட கிளிப் அடிச்சிட்டா பூனையோட பல்லு இறங்காது. அதுவரைக்கும் மெஷினைப் போடாதீங்க. கையாலயே ஆட்டுங்க."

அவர் ஒயருக்கு டேப் சுற்றி, புதிதாக பீஸ் கட்டினார். எங்கள் அப்பா முத்துவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாசலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். மாமாவின் வண்டி தார்ரோட்டில் ஏறிய பிறகுதான் பேசினார்.

"ஒரு பூனைக்குப் பயந்துக்கினு ஒரு வாரம் பைப்புக்குக் காத்திருக்கணுமா? இந்த முத்து இன்னா செத்தா போய்ட்டான்?"

மறுநாள் கடலிலிருந்து வந்ததும் நைனா வேலையை ஆரம்பித்தார். எங்கள் குப்பத்தில் முடிச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கிழிந்த வலையை அவர் கைபட்டுத் தைத்தால் எந்த இடத்தில் கிழிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மரக்காணத்திலிருந்துகூட வலையைக் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார்கள். பழைய நெத்திலி வலை ஒன்று வீட்டுக்குப் பின்னால் மடித்துக் கிடந்தது. ஆறு வருஷம் கடலில் கிடந்த வலை. கண் சின்னது, எறும்பு போகவே யோசிக்கும். அதிலிருந்து நீளமாக ஒரு பட்டை அறுத்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரை நடுவில் வைத்து, வலையை மூன்று சுற்றுச் சுற்றி, விரல்கடை தூரத்துக்கு ஒரு முடிச்சாகப் பின்னிக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டுப் பூமாலை அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா முத்தண்ணே, ஒயருக்கு ஜடை பின்னிக்கினு இருக்கே? பூ வெச்சி வுடுவியா?"

"சிரி, சிரி. பூனைப் பல்லு இதுக்குள்ள பூந்துடுச்சின்னா என் பேரை மாத்திக்கறேன்."

"இன்னா பேரு வெப்பே?"

"உன் புருசன் பேரை வெச்சிக்கறேன், போ."

பூமாலை அக்கா சிரித்த சிரிப்பில் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நைனாவுக்குக் கை இன்னும் வேகமாக ஓடியது.

அப்போதுதான் மூளி வந்தது. வாயின் ஒரு பக்கம் கருகி, மீசை முடி இல்லாமல் இருந்தது. அது நேராக நைனாவின் மடிக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த வலை நுனியில் முகத்தைத் தேய்த்தது. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தது.

"பாத்தியா, மன்னிப்பு கேக்குது!" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் கூடையைக் கவிழ்த்து வைத்தால் மூளி அதன் அடியில் இப்படித்தான் முகத்தைத் தேய்க்கும். அதற்குப் பிறகு நக்கும். அதற்குப் பிறகு மூங்கிலைக் கடிக்கும். அப்படியென்றால், அம்மாவும் நானும் இறால் உரித்த கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஓடிவந்து ஒயரை லாஃப்ட் மேல் ஒதுக்கிப் போடுகிறோமே, பூனை கடித்ததும் அந்த இடத்தில்தானே?

வார்த்தை தொண்டை வரை வந்தது. சுற்றிலும் ஆறு பேர் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லவே எனக்கு வாய் வராது. பத்தாவதோடு நான் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லோரும் போன பிறகு வலையின் ஒரு முனையை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. தண்ணீரை மோந்ததுபோல் இருந்தது. சரி, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

நைனா ஒயரை மேலே ஏற்றிக் கட்டினார். சரிந்து விழாமல் இருக்க, வலையின் கடைசி முடிச்சை ஸ்பிரிங் கொக்கியிலேயே போட்டு இறுக்கினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்கும் அதைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. அன்று சாயங்காலமே மெஷின் மறுபடியும் ஆடத் தொடங்கியது.

அந்த வாரம் முழுக்க மூளியின் தொல்லை தாங்க முடியவில்லை. முன்பு பகலில் ஒரு தடவை வரும் பூனை இப்போது ஜன்னல் திறந்திருந்தால் லாஃப்டில் இருந்தது. அம்மா துடைப்பத்தால் அடித்தாள். ஜன்னலை மூடினால் கதவு வழியாக வந்தது. கதவைச் சாத்தினால் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டியது. "வெளக்கமாத்து அடி வாங்கியும் புத்தி வரலை பாரு, பேஜாரு புடிச்சது" என்று அம்மா திட்டினாள். அப்போதெல்லாம் நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். பிறகு கீழே குனிந்து இறால் உரிப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டியில் வெள்ளைப் பைப்பு இரண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து மேலே பார்த்தவர் அப்படியே நின்றார்.

"எப்பிடி இருக்குது மாப்ள?" என்று நைனா கேட்டார்.

மாமா முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லா இருக்குது மாமா" என்றார். பைப்பை வண்டியிலிருந்து அவிழ்த்துப் பின்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். மாமனார் கட்டியதை அவிழ்க்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் அந்த முகம்.

"அப்போ பூனையைத்தான் அனுப்பணும்" என்றாள் அம்மா. "வெண்ணிலா, நீ கூப்டா அது வரும். சாக்கை எடுத்துக்கினு வா, ஜல்தி."

நான் நெத்திலித் தலையைக் காட்டிக் கூப்பிட்டேன். மூளி வந்தது. அம்மா கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். சாக்கின் வாயை விரித்துப் பிடித்தது நான். உள்ளே விழுந்ததும் அது கத்தவில்லை, சாக்குக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. மாமா கயிறு கட்டும்போது, 'வலையில மீன் வாசனை இருக்குது மாமா, அதுக்குத்தான் வருது' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. ஒரு நிமிஷம்கூட வேண்டாம், அதைச் சொல்ல மூச்சு ஒரு தடவை விட்டால் போதும். நான் சாக்கின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா அதை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போய்விட்டார். திண்டிவனத்தில் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டதாகச் சாயங்காலம் போனில் சொன்னார்.

அன்று அக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை நைனா கடலுக்குப் போயிருந்தார். அம்மா மீன் கூடையோடு மரக்காணத்துக்குப் போயிருந்தாள். அக்கா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடும்போது உள்ளே 'கிர்ர்... கிர்ர்' என்று ஒரே சீராகச் சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் இருந்துகொண்டே இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். திடீரென்று அது 'கிர்க்... கிர்க்' என்று திக்கியது.

உள்ளே போனேன். லாஃப்டில் பூமாலை அக்காவின் வெள்ளைப் பூனை இருந்தது. இன்னொரு பக்கம், நான் அதுவரை பார்த்தே இராத ஒரு கடுவன் பூனை ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டையும் வலைக்குள் மாட்டி, ஊஞ்சல்போல் தொங்கியபடி முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் பாரத்தில் ஒயர் கீழே இழுபட்டு, ஸ்பிரிங்கின் மேலேயே படிந்து கிடந்தது. நைனா போட்ட கடைசி முடிச்சு ஒயரை அங்கிருந்து விலகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் கையிலிருந்த இறால் தட்டை எறிந்தேன். கடுவன் பூனை பிய்த்துக்கொண்டு ஓடியது. வெள்ளைப் பூனை ஓடவில்லை. தட்டு விழுந்த சத்தத்துக்குக்கூட அது திரும்பவில்லை. வாய் ஒயரில் இருந்தது. காது மட்டும் மெதுவாக நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த நடுக்கமும் நின்று, அது லாஃப்ட் ஓரத்தில் சரிந்து தரையில் விழுந்தது. ஏணைக்கு நேர் கீழே விழுந்தது.

அது செத்துவிட்டது என்பது எனக்கு உடனே புரியவில்லை. குழந்தையை எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் புரிந்தது. ஆடுகிற ஏணையை நிறுத்த ஒரு கையால் ஸ்பிரிங்கைப் பிடித்தேன்.

முழங்கையில் யாரோ உலக்கையால் அடித்ததுபோல் இருந்தது. அடித்தது யார் என்று பார்க்க நான் திரும்பியதாகக்கூட ஞாபகம். பார்த்தால் தரையில் கிடந்தேன். வலது கை என் கைபோலவே இல்லை. தலைக்கு மேல் ஏணை ஆடிக்கொண்டிருந்தது.

நான் விழுந்த சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். கைகளில் சோப்பு நுரை. முழங்கை வரை ஈரம். செத்த பூனையைப் பார்த்தாள், கிடந்த என்னைப் பார்த்தாள், ஏணையைப் பார்த்தாள். குழந்தை உள்ளே சிணுங்கியது. அவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஏணையை நோக்கிப் போனாள்.

"தொடாதக்கா!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டில் பூமாலை அக்காவுக்கே கேட்டிருக்கிறது. அக்கா திடுக்கிட்டு நின்றாள். அவள் விரலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது.

"தொடாத! கரண்ட் இருக்குது! ஸ்பிரிங்குல கரண்ட் இருக்குது! நகரு!"

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த மெயினை இழுத்து, இடது கையாலேயே பீஸ் கட்டையைப் பிடுங்கித் தரையில் போட்டேன். விசிறி நின்றது. ஏணை இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. "இப்ப எடு" என்றேன்.

அக்கா குழந்தையை எடுத்தாள். அவன் கண்ணை விழித்து எங்களைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அக்கா அவன் கை, கால், வயிறு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவள் புடவையைத் தொட்டாள். நானும் தொட்டேன். குழந்தை கிடந்த இடத்தில் ஆரம்பித்த ஈரம் புடவையில் மேலே மேலே ஏறியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனோம். ஈரம் முடிந்த இடத்துக்கும் ஸ்பிரிங் கொக்கிக்கும் நடுவில் உலர்ந்த துணி என் கை அகலத்துக்குத்தான் இருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

பூமாலை அக்கா வாசலில் வந்து நின்றார். தரையில் கிடந்ததைப் பார்த்ததும், "ஐயோ, என் வெள்ளச்சி" என்று உட்கார்ந்துவிட்டார். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்போதுகூட எங்களைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

நான் மீன் அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். எங்கள் வீட்டில் வலையில் கத்தி வைப்பது நைனா மட்டும்தான். பழைய வலையாக இருந்தாலும் பெண்கள் அதைத் தாண்டக்கூட மாட்டோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதல் முடிச்சில் கத்தியை வைத்தேன். நான்கு முடிச்சு அறுப்பதற்குள் நைனா வந்துவிட்டார். வாசல் நிறைய நின்றார். தோளில் துடுப்பு இருந்தது.

"இன்னாடி பண்றே? யாரைக் கேட்டு வலையை அறுக்கறே?"

"மீன் நாத்தம் நைனா."

"இன்னா?"

"வலையில மீன் நாத்தம். அதுக்குத்தான் பூனை வருது. ஒயரைக் கடிக்க வரலை, வலையைக் கடிக்க வருது. மூளி மேல தப்பே இல்லை. பக்கத்து வூட்டுப் பூனை செத்துப்போச்சு நைனா. எனக்கு ஷாக் அடிச்சிது. அக்கா தொடப் போனா." சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்தத் தெரியவில்லை.

நைனா துடுப்பைக் கீழே வைத்தார். அறுந்து விழுந்த வலைத் துண்டை எடுத்து மூக்கில் வைத்தார். நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். இன்னொரு மூச்சு இழுத்தார்.

"ஒரு நாத்தமும் இல்லையே."

"எனக்கும்தான் வரலை."

"அப்போ எதை வெச்சி சொல்றே?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் வலைத் துண்டோடு வெளியே போனார். தார்ரோட்டின் ஓரத்தில் மல்லாட்டை விற்கிறவர் மொபெட்டை நிறுத்தியிருந்தார். கண்ணையன் என்று பெயர், வானூர்ப் பக்கத்து விவசாயி. சொந்தக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலையை வேகவைத்து வாரத்தில் இரண்டு நாள் கொண்டுவருவார். நைனா விறுவிறுவென்று போய் அவர் மூக்குக்கு நேராக வலையை நீட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இதை மோந்து பாருய்யா."

கண்ணையன் பின்னால் சாய்ந்ததில் மொபெட்டே ஆடியது. "ஐயே! கொண்டு போய்யா அந்தாண்ட! என் மல்லாட்டையெல்லாம் நாறிடப் போவுது!"

"நாத்தம் அடிக்குதா?"

"அடிக்குதாவா? கொடலைப் புடுங்குது. செத்துப் பத்து நாளான நெத்திலியை வாயில போட்ட மாதிரி இருக்குது. உனுக்கு மூக்கு இல்லையா?"

நைனா கோபித்துக்கொள்ளவில்லை. வலையை மறுபடியும் தன் மூக்கில் வைத்தார். கண்ணையனைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். ஐம்பது வயசு மனுஷர், ரோட்டில் நின்று ஒரு துண்டு வலையை மோந்துகொண்டே இருந்தார். அவர் முகம் மெல்ல வெளுத்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, யாரையும் பார்க்காமல், கடைசி ஒன்றைத் தவிர மிச்ச முடிச்சுகளை அவரே அறுத்தார். உள்ளே மாமா சுற்றிய டேப் இழை இழையாக இருந்தது. கம்பி மூன்று இடத்தில் வெளியே தெரிந்தது. பிறகு ஸ்பிரிங்கில் தான் போட்ட கடைசி முடிச்சை விரலால் தொட்டார். "இதை நான்தானே கட்டினேன்" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

அக்கா போன் செய்ததும் மாமா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மத்தியானமே வந்தார். புது ஒயர் வாங்கி வந்தார். பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்த பைப்பை எடுத்து, ஒயரை உள்ளே விட்டு, கூரை வரை கிளிப் அடித்தார். லாஃப்டுக்குப் பக்கத்தில் போகாமல் எதிர்ச் சுவரோடு கொண்டுபோனார். ஜங்ஷன் பாக்ஸைச் சுவரில் உயரத்தில் அடித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது என்றார். "அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும் மாமா" என்று நைனாவிடம் சொன்னார். நைனா கிளிப்பை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போகும்போது மாமா மார்க்கெட்டுக்குப் பின்னால் மூளியைத் தேடினாராம். அங்கே பூனைகள் நிறைய இருந்தனவாம். பாதி வாலோடு ஒன்றும் இல்லை என்று போனில் சொன்னார். வாய் வெந்த பூனை, புது ஊரில் எதைத் தின்னும் என்று நான் கேட்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தை என் மடியில் இருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். வலையில நாத்தம் இருக்கும்னு உனுக்கு எப்பத் தோணுச்சு? இன்னைக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நைனா கட்டிக்கினு இருக்கறப்பவே" என்றேன்.

"அன்னைக்கேவா?"

"மூளி வந்து தேய்ச்சப்ப."

"எட்டு நாளு" என்றாள் அக்கா. விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். "எட்டு நாளு இவன் அதுக்குக் கீழதானேடி தூங்கினான்."

நான் குனிந்துகொண்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. கையை நீட்டி, என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். ஒயரில் கம்பி தெரிந்த இடத்தைப் பார்த்தபோது எப்படிப் பார்த்தாளோ, அப்படித்தான் என்னைப் பார்த்தாள். எழுந்து கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஷாக் அடித்தபோது கை மரத்துத்தான் போனது. அந்த மரப்பு சாயங்காலத்துக்குள் போய்விட்டது. இது போகவில்லை. ஒன்றுமே செய்யாமல், சும்மா இருந்தே, ஒரு குழந்தையைக் கொன்றிருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் முழுக்கக் குழந்தையை அவள் என்னிடம் தரவில்லை. குளிக்கப் போகும்போதுகூட அம்மா வரும்வரை காத்திருந்தாள். நான் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் அம்மா சீக்கிரமே கூடையோடு போய்விட்டாள். குழந்தை மேலெல்லாம் பால் கக்கிவிட்டான். அக்கா அவனைத் துடைத்து, வேறு சட்டை போட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். அவள் புடவையும் நனைந்திருந்தது. என்னைத் தாண்டி இரண்டு தடவை போனாள். மூன்றாம் தடவை என் முன்னால் நின்றாள்.

"குளிச்சிட்டு வர்றேன். இவனைப் பாத்துக்க" என்றாள். ஆனால் குழந்தையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. "இனிமே எதுனா இருந்தா வாயைத் தொறந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

"யாரு இருந்தாலும்?"

"சொல்றேன்க்கா."

அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். துண்டை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்திருப்பாள்.

"அக்கா."

திரும்பினாள்.

"உன் போன் சார்ஜர் பிளக்குலயே இருக்குது. ஒயரு பாய் மேல கிடக்குது. நீ சுறாப்புட்டு தின்ன கையால போன் பேசினே."

அக்கா சார்ஜரைப் பார்த்தாள். தன் வலது கையை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் போய் சுவிட்சை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, சுருட்டி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு கையைக் கழுவப் போனாள்.